லிஸ்பனில் "நாங்கள்" என்று நான் சொன்ன பொய்

இன்று சிட்னி பென்டில் ஹில் மளிகைக் கடையில் மனைவியோடு வரிசையில் நின்றேன். தெரிந்த பிள்ளை சுகன்யா வந்து, "அங்கிள், வாற மாதம் லிஸ்பன் போறம். நீங்கள் போனனீங்கள்தானே? இரவில எங்க போகலாம்?" என்று கேட்டாள்.

எழுபதுகளில் லண்டனிலிருந்து சிட்னிக்குக் கப்பலில் வந்தபோது அங்கே ஒருநாள் நின்றோம். மேட்டில் ஏறும் டிராம், ஆற்றங்கரைக் கோபுரம், மதுச்சாலையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு பாடிய சோகப் பாட்டு எல்லாவற்றையும் சொன்னேன். "விடியுமட்டும் இருந்து கேட்டனாங்கள்" என்றும் சொன்னேன்.

சுகன்யா என் மனைவியிடம் திரும்பினாள். "அன்ரி, உங்களுக்கு எது பிடிச்சது?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. மகனுக்குக் காய்ச்சல். நான் கப்பலிலதான் இருந்தனான்."

கோபமே இல்லாமல் சொல்லிவிட்டு, கூடையிலிருந்த முருங்கைக்காயை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஐம்பது வருடமாக இந்தக் கதையை "நாங்கள்" என்றுதான் சொல்லி வருகிறேன். அவளும் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாள். கப்பல் நண்பர்கள் கூப்பிட்டதும் "போட்டு வாறன்" என்று கிளம்பியவன் நான். பிள்ளையின் காய்ச்சல் இன்றைக்குத்தான் நினைவு வந்தது.

காரில், "ஏன் இவ்வளவு நாளும் ஒண்டும் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்கள் கேக்கேல்லை."

"இப்ப போவமா, ரெண்டு பேரும்?"

"அந்த மேடெல்லாம் இனி ஆர் ஏறுறது? முழங்கால் விடாது."

மன்னிப்புக் கேட்கும் வழி தெரிந்தவர்கள் எழுதுங்கள். பூ வாங்கிக் கொடுக்கச் சொல்லாதீர்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே வாங்கிக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். "இது ஆருக்கு?" என்று கேட்கிறாள்.