எல்லா வரிக்கும் பக்கத்தில் என் பெயர்

முதலில் கண்ணில் பட்டது ஒரு சின்ன ஊதா வட்டம். உள்ளே என் பெயரின் முதல் எழுத்து. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பிராஜக்தாவின் திரையில், அவள் அன்று காலை எழுதிய ப்ரோக்ராம் வரிகளுக்குப் பக்கத்தில் இருந்தது.

அது என்னுடைய வட்டம்.

நகரத்தின் கராடிப் பகுதியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியபின் வீடு இருந்த கோர்படியிலிருந்து பஸ் பிடித்து அங்கே போய்க்கொண்டிருந்தேன். கதவு திறப்பது, கூரியர் வாங்குவது... அதிகம் பேசத் தேவையில்லாத எந்த வேலையும் எனக்குச் சரி. டீம் லீட் செந்தில் அண்ணா கோயம்புத்தூர்க்காரர். என் சுபாவத்தைக் கவனித்தாரோ என்னவோ, புதிதாகச் சேர்கிறவர்களின் லேப்டாப்பைத் தயார்செய்யும் வேலையை என்னிடம் தந்தார்.

ப்ரோக்ராம் எழுதத் தேவையான எடிட்டர், கிட், டாக்கர், டேட்டாபேஸ் என்று ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஒரு லேப்டாப்புக்கே பொழுது போய்விடும். திரையில் நீலப் பட்டை நகர்வதைப் பார்த்துக்கொண்டே டப்பாவில் இருக்கும் எலுமிச்சை சாதத்தைச் சாப்பிடுவேன். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

ஒருமுறை ஒரே வாரத்தில் நிறையப் பேர் சேர்ந்தார்கள். வேண்டாத எதுவும் ஏறாமல் ஆபீஸிலேயே சுத்தமாக இருந்தது எனக்குத் தந்திருந்த லேப்டாப்தான். செந்தில் அண்ணா அதை அப்படியே நகலெடுத்து எல்லாப் புது லேப்டாப்பிலும் இறக்கிவிட்டார். அன்றே எல்லாரும் வேலையைத் தொடங்கினார்கள்.

கூடவே என் பெயரும் போனது யாருக்கும் தெரியவில்லை. யார் எந்த வரியை மாற்றினாலும், மாற்றங்களைப் பதிவுசெய்யும் அந்த கிட், வரிக்குப் பக்கத்தில் ஒரு பெயரைக் குறித்துவைக்கும். அந்தப் பெயரை லேப்டாப்பிலிருந்துதான் எடுக்கும். பிராஜக்தா எழுதினாலும் மெர்சி. அடுத்த சீட்டில் இருப்பவர் எழுதினாலும் மெர்சி.

நான் வட்டத்தைப் பார்த்து எங்களுக்கு விஷயம் புரிந்த அன்று மதியமே க்ளையன்ட் கால். அடுத்த ப்ராஜெக்ட்டை எங்களுக்குத் தருவதா வேண்டாமா என்று அவர் முடிவுசெய்கிற கால். பாதியில் செந்தில் அண்ணா எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"மெர்சி, க்ளையன்ட் உன்னையத்தான் கேக்கறாரு. எல்லா வரிக்கும் உன் பேருதான் இருக்காம், டீம்லயே நீதான் ஜாஸ்தி வேலை பாக்கறியாம்."

பிராஜக்தா சிரித்துவிட்டு, இனிமேல் மேடம் என்று கூப்பிடட்டுமா என்று ஹிந்தியில் கேட்டாள். அண்ணா சிரிக்கவில்லை.

"இப்பப் போயி விஷயத்தச் சொன்னா, ஒரு லேப்டாப்பக்கூட ஒழுங்கா செட் பண்ணத் தெரியாதவங்கன்னு நெனப்பாரு. நீ சும்மா வந்து தேங்க் யூன்னு சொல்லு கண்ணு. மீதிய நான் பாத்துக்கறேன்."

தேங்க் யூ சொல்வது சுலபம். அதன்பிறகு அவர் கேள்வி கேட்பார். அடுத்த காலுக்கும் கூப்பிடுவார். உண்மையைச் சொன்னால் ப்ராஜெக்ட் போகலாம்... கூடவே என் வேலையும்.

கேமரா முன்னால் உட்கார்ந்தேன். வேலை ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"சார், ஐ டிட் நாட் ரைட். தே ரோட். மை லேப்டாப் காப்பி, சார்."

 அப்படியானால் எழுதியவர்கள் யார், அவர்களை வரச் சொல்லுங்கள் என்றார் அவர். பிராஜக்தா நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். நான் எழுந்து என் இடத்துக்குப் போய்விட்டேன்.

ப்ராஜெக்ட் கிடைத்தது. என் வேலையும் போகவில்லை. பழைய வரிகளில் பெயரை மாற்றப்போய் வேறு எதுவும் உடைந்துவிடக் கூடாது என்று அப்படியே விட்டுவிட்டார்கள். தேடிப் பார்த்தால் இன்றும் அங்கே ஊதா வட்டம்தான்.

இப்போது லேப்டாப்பில் எதையும் ஏற்றுவதில்லை. எல்லாம் க்ளவுடில், எங்கோ இருக்கும் கம்ப்யூட்டரில். பிரவுசரைத் திறந்து பெயரைக் கொடுத்தால் மெஷின் தயார். நீலப் பட்டை கிடையாது. சாப்பிடும்போது பார்த்துக்கொண்டிருக்க எதுவும் இல்லை, பக்கத்தில் இருப்பவரிடம் பேசத்தான் வேண்டியிருக்கிறது.

போன வாரம் ஒரு பெண் சேர்ந்தாள். ஆகுர்டியிலிருந்து வருகிறாளாம். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. திரை பெயரைக் கேட்டது. நானே போட்டுவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ, கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

கீபோர்டை அவள் பக்கம் தள்ளினேன்.