இறால் இல்லாத பாயேயா

துபாயில் ஸ்பெயின் ஹோட்டலில் சமைக்கும் என் கணவர், வீடியோ காலில் 'பாயேயா' என்ற இறால் சோறு சொல்லிக்கொடுத்தார். எங்கள் ஊர் மணமேல்குடிக் கடல் இறால், ருசிக்குக் கேட்கவா வேண்டும்! நாத்தனாரையும் அழைத்தேன். இறால் பட்டாலே அவருக்குத் தொண்டை வீங்கி மூச்சடைக்கும். அதனால் இறாலையெல்லாம் பொறுக்கிவிட்டு வெறும் சோற்றை வைத்தேன்.

போனில் பார்த்துக்கொண்டிருந்த கணவர் பதறினார்.

"அக்கா தட்டுல என்னடி?"

"இறாலை எடுத்துட்டுத்தாங்க வச்சேன்."

"இறால் தலை கொதிச்ச தண்ணியிலதானே சோறே வெந்துச்சு!"

நாத்தனார் வாய்க்குப் போன கவளத்தைத் தட்டிவிட்டேன்.

"கூப்பிட்டு ஒக்கார வச்சுப் புடுங்குறியே, நல்லா இருப்பியா?" என்ற நாத்தனார், விஷயம் தெரிந்ததும் தட்டைத் தள்ளிவிட்டுக் கைகழுவ ஓடினார்.

இப்போதெல்லாம் அவருக்குத் தனிப் பானையில் கோழிச்சாற்றில் சமைத்து மூடிவைத்த பிறகே இறாலைத் தொடுகிறேன். அவரும் உட்காருமுன் கேட்டுவிடுகிறார்: "எந்தத் தண்ணியில வெந்துச்சு, மொதல்ல சொல்லு!"