விடுபட்ட இரண்டு ஐதரசன்

வாவிக்கரை இறால் குஞ்சுப் பண்ணையில் நான் தொழில்நுட்பப் பொறுப்பாளராகச் சேர்ந்து இரண்டாவது மாதம். ஒரு காலை போய்ப் பார்த்தால், ஐந்து தொட்டிகளிலும் குஞ்சுகள் வெள்ளையாக அடியில் கிடந்தன. எங்கள் பீஎச் மீட்டர் பழுதாகி இரண்டு கிழமை. பக்கத்துப் பண்ணை மீட்டரை வாங்கி அளந்தோம். தண்ணீர் அமிலமாகியிருந்தது.

தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவர் வாகரையைச் சேர்ந்த சரோ அக்கா. நான் வந்த புதிதில் அவர் தினமும் தண்ணீரில் அப்பச்சோடா கரைத்து ஊற்றுவதைக் கண்டு, ஏன் என்று கேட்டேன்.

“முந்தின சேர் போடச் சொன்னவர் மிஸ். ஏனெண்டு எனக்குத் தெரியாது.”

நான் கொப்பியில் சமன்பாட்டை எழுதிப் பார்த்தேன். இறாலின் கழிவில் வரும் அமோனியத்தை வடிகட்டியிலுள்ள பற்றீரியாக்கள் ஒட்சிசனைச் சேர்த்து நைத்திரேற்றாக்கும். கூடவே நீர் வரும். அமிலம் எங்கும் இல்லை. சோடாவை நிறுத்தச் சொன்னேன்.

குஞ்சுகள் செத்த அன்று மனேஜர் சரோ அக்காவைக் கூப்பிட்டார். “போன கிழமை பைப் எல்லாம் அசிட் போட்டுக் கழுவினது நீங்கதானே? ஒழுங்கா அலசல்ல. இனி வரவேணாம்.”

சரோ அக்கா என்னைப் பார்த்தார். நான் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனேஜர் சொன்னது எனக்கும் சரியாகப் பட்டது. சரியாக இருக்க வேண்டும் என்றும் விரும்பினேன்.

மூன்றாம் நாள், குஞ்சுகள் செத்தது பற்றிய அறிக்கைக்காக அதே சமன்பாட்டைத் திருத்தமாக எழுதினேன். இடப்பக்கம் நான்கு ஐதரசன், வலப்பக்கம் இரண்டு. இடப்பக்கம் நேர் ஏற்றம், வலப்பக்கம் மறை ஏற்றம். நான் விட்டது இரண்டு ஐதரசன் அயன்களை, அதாவது அமிலத்தை. அந்த அமிலத்தைத்தான், நான் நிறுத்தும்வரை, சோடா முறித்துக்கொண்டிருந்தது.

மனேஜரிடம் சொன்னேன்.

“அவ போயிட்டா மிஸ். இப்ப இதை எழுதி என்ன செய்யப்போறீங்க?”

எழுதினேன். என்னையும் நிறுத்தினார்கள். அவரைத் திரும்ப எடுக்கவில்லை.

வாகரைக்குப் போக எனக்கு மூன்று மாதம் எடுத்தது. சரோ அக்கா வாசலில் நின்றபடியே நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். கோபப்படவில்லை.

“அப்ப நான் ஒழுங்காத்தான் அலசியிருக்கன், என்ன மிஸ்?”

“ஓம் அக்கா.”

“எந்த பைப்ப விட்டன், எந்த பைப்ப விட்டன் எண்டு இவ்வளவு நாளும் யோசிச்சுக்கொண்டிருந்தன்.”

இப்போது நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் அணுக்களை எண்ணுங்கள், பிறகு ஏற்றத்தையும் எண்ணுங்கள் என்று சொல்கிறேன். யாராவது காரணம் தெரியாமல் ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தால், அதை நிறுத்தச் சொல்லும் முன் இன்னொரு முறை எண்ணுங்கள். பிழை உங்கள் கொப்பியில் இருக்கும். பழி வேறொருவரின் வீட்டுக்குப் போய்விடும்.