வெறும் கிண்ணத்தின் எடை

விமலா மேடம் மெட்ராசில் மகள் கவிதா வீட்டுக்கு வைத்தியத்துக்குப் போனதிலிருந்து, போன் அடித்தாலே எனக்குப் பயம். அன்று காலையில் அடித்தபோது நான் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. என் மனைவி தனம் எடுத்தாள். "கவிதாவா? சொல்லும்மா" என்றவள் போனை வைத்ததும் போய் அடுப்பை அணைத்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது, மேடம் போய்விட்டார்.

மேடத்தை டவுன்ஷிப்பின் பழைய ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். நிலக்கரிச் சுரங்கத்து லேபில் கெமிஸ்டாக இருந்தவர். நான் அங்கேயே கரி ஏற்றிப்போகும் பெல்ட்டில் வேலை பார்த்தவன், அஞ்சாங்கிளாசோடு நின்றவன். ரிட்டையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்த பின் மந்தாரக்குப்பத்தில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. அவரைச் சீண்டாமல் எனக்குப் பொழுது விடியாது.

"கரியில தண்ணி எவ்ளோன்னு பாக்கறதுக்கு ஒரு படிப்பா மேடம்? புழிஞ்சா தெரிஞ்சிடப் போவுது."

"நீங்க புழிஞ்சி குடுங்க. நான் எடை போடுறேன்" என்பார்.

லேபில் முதலில் வெறும் கிண்ணத்தை எடை போடுவார்களாம். பிறகு கரியோடு. பிறகு காயவைத்து இன்னொரு தடவை. "கிண்ணத்த கழிக்கத் தெரியாதவன் கரியப் பத்திப் பேசக்கூடாது" என்பது அவர் அடிக்கடி சொன்னது. எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

போன பொங்கலுக்கு முன்னால்தான் அதன் அருமை தெரிந்தது. கவிதா வெளிநாடு போய் வந்து கொடுத்த சாக்லேட்டில் ஒரு பட்டையை மேடம் எங்களுக்குக் கொடுத்தார். வாயில் போட்டேன், வேப்பங்காய் மாதிரி கசந்தது, துப்பிவிட்டேன். தனம் அதை முறத்தில் வைத்துவிட்டுக் கோலமாவு வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது கிழிந்த காகிதமும் ஒரு மூலைத் துண்டும்தான் மிச்சம். எங்கள் குள்ள நாய் நைட்ஷிப்ட் வாயை நக்கிக்கொண்டிருந்தது. பகலெல்லாம் தூங்கி இரவில் குலைப்பதால் நான் வைத்த பேர் அது.

நான் சிரித்துக்கொண்டே மேடத்திடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நாயிக்கு அது விஷம்" என்றார். மூலைத் துண்டையும் எடை அச்சடித்திருந்த காகிதத்தையும் பிடுங்கிக்கொண்டு அவர் சமையலறைக்குப் போனார். நாயை வாந்தி எடுக்க வைக்கத் தனம் உப்புத் தண்ணீர் கரைத்தாள். "அத ஊத்தாதீங்க, அது வேற ஆபத்து" என்று அங்கிருந்தே குரல் வந்தது. எட்டிப் பார்த்தால், தராசில் காலிக் கிண்ணத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"நாயி சாவக் கெடக்குது, நீங்க கிண்ணத்த எடை போட்டுக்கினு இருக்கீங்களே."

"டாக்டர் எவ்ளோ தின்னுச்சின்னு கேப்பாரு. கொஞ்சம்னா சொல்றது? நாயத் தூக்கிக்கினு அந்த எடை மெஷின்ல ஏறுங்க."

ஏறினேன். அப்புறம் நாயை இறக்கிவிட்டு என்னை மட்டும் ஏறச் சொன்னார்.

"அப்ப நான்தான் வெறும் கிண்ணமா மேடம்?"

"ஆமா. பேசாம நில்லுங்க, முள்ளு ஆடுது."

பண்ருட்டி கால்நடை டாக்டர் போனில் கேட்டதும் அந்த இரண்டு கேள்விதான்: எவ்வளவு தின்றது, நாய் என்ன எடை. பதிலைக் கேட்டதும், உடனே கொண்டுவரச் சொன்னார்.

ஆட்டோவில் நாய் என் மடியில் சும்மாதான் இருந்தது. "ஒண்ணும் ஆவலியே" என்றேன்.

"அதான் பயமே. அது மெதுவா ஏறும். நீங்க கசக்குதுன்னு துப்புனீங்களே, அதுல தியோபுரோமின்னு ஒண்ணு இருக்கு. காப்பியில இருக்கிற காபினுக்குத் தம்பி. மூலக்கூறுல அண்ணனுக்கு மூணு வாலு, தம்பிக்கு ரெண்டு. அதனால நமக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது, லேசா சுறுசுறுப்பு குடுக்கும். நம்ம ஈரல் அத சீக்கிரம் ஒடைச்சி வெளிய தள்ளிடும். நாயோட ஈரலுக்கு அந்த வேகம் கிடையாது. உள்ளயே தங்கி நெஞ்ச அடிச்சிக்கினே இருக்கும்."

"பேர்ல புரோமினு இருக்குதே, அது விஷமில்ல?"

"பேர்லதான் இருக்கு, பொருள்ல இல்ல. சாக்லேட் வர்ற கோகோ மரத்துக்கு சாமி சாப்பாடுன்னு பேரு வச்சாங்க, அதுலருந்து வந்தது."

"அப்ப பைரவருக்கு மட்டும் படைக்க முடியாது. வாகனம் செத்துடும்."

அப்போதுதான் மேடம் சிரித்தார். அந்த நேரம் என் கைக்கு அடியில் நாயின் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. மேடம் என் கையை எடுத்துவிட்டுத் தன் கையை வைத்துக்கொண்டார். பண்ருட்டி வரும்வரை எடுக்கவில்லை.

டாக்டர் வாந்தி எடுக்க வைத்தார். பிறகு கறுப்பாக எதையோ கரைத்துப் புகட்டினார். கரியாம், விஷத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளுமாம்.

"பாத்தீங்களா மேடம்? நான் பொழச்சதும் கரியில, என் நாயி பொழைக்கப் போறதும் கரியில."

"அது நம்ம சுரங்கத்துக் கரி இல்ல. பீத்திக்காதீங்க" என்றார். அன்று பொழுது சாயும்வரை நாய் நிலைகொள்ளாமல் தண்ணீர் குடித்தது, மூத்திரம் போனது, விறைத்து நின்றது. மேடம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். "நான்தான குடுத்தேன்" என்று ஒரே ஒரு முறை சொன்னார். நைட்ஷிப்ட் படுத்து மூச்சு சீரான பிறகுதான் எழுந்தார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் என்னையும் நாயையும் மெஷினில் ஏற்றுவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. முள்ளைப் பார்த்துச் சொல்வது மேடம், ஞாபகம் வைத்துக்கொள்வது தனம்.

காரியம் முடிந்து கவிதா அந்த மெஷினை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனாள். நைட்ஷிப்ட் சரியாகச் சாப்பிடுவதில்லை. பூட்டிய அவர் வீட்டு கேட்டிலேயே படுத்துக்கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. பயந்தால் முதலில் எடை போட வேண்டும். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

நேற்று நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். பிறகு நான் மட்டும் ஏறினேன். தனம் குனிந்து முள்ளைப் பார்த்தாள், போன தடவை மேடம் சொன்னதை நினைத்துப் பார்த்தாள், விரலை மடக்கிக் கழித்தாள்.

"நாயி அப்பிடியேதான் இருக்குது" என்றாள். "கிண்ணந்தான் கொறைஞ்சிருக்குது."