அய்யா ஐஸில் வைத்த லேப்டாப்

கர்ர்ர்... டிக். கர்ர்ர்... டிக்.

பட்டனை அமுக்கியதும் என் பழைய லேப்டாப் போடும் சத்தம் அது. இன்றைக்கு அலமாரியை ஒதுக்கும்போது அதன் ஹார்டு டிஸ்க் கையில் அகப்பட்டது. ஓரமெல்லாம் துருப்பிடித்து, இன்னும் லேசாக மீன் வாடையோடு... சிரிப்பு வந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிளஸ் டூ படிக்கும்போது இலவசமாகக் கிடைத்த லேப்டாப். காலேஜ் முடித்து, பாம்பன் பக்கம் தங்கச்சிமடத்து வீட்டில் இருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு டைப்பிங் வேலை பார்க்க ஆரம்பித்தபோது அதற்கு நன்றாக வயதாகியிருந்தது. திறக்கப் பதினோரு நிமிடம். சும்மா சொல்லவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

அந்தப் பதினோரு நிமிடமும் அய்யாவுக்குத்தான். எங்கள் வீட்டில் அப்பாவை அய்யா என்றுதான் கூப்பிடுவோம். விடியுமுன்னே வள்ளத்தில் கடலுக்குப் போய், பத்து மணி வாக்கில் வீடு திரும்புவார். பேச்சு ரொம்பக் கம்மி. ஆனால் லேப்டாப் உறுமத் தொடங்கியதும் டீ டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். நீரோட்டம் எப்படி, வலையில் என்ன விழுந்தது, எங்கே பாறையில் மாட்டிக் கிழிந்தது... எல்லாம் சொல்வார். திரையில் படம் வந்ததும், "வேலையப் பாரு தாயி" என்று எழுந்து போய்விடுவார். அதுவரை என் வாழ்நாளில் அவர் என்னிடம் பேசியதை விட, அந்தச் சில மாதங்களில் பேசியது அதிகம்.

கம்பெனிக்கு இதெல்லாம் தெரியுமா? என் வேலை நாளுக்கு நாள் தாமதமானது. லேப்டாப் வேறு தோசைக்கல் மாதிரி சுடும், பாதியில் நின்றுவிடும். ஒருநாள் சாயங்காலம் மேனேஜர் மேடம் போனில் கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வாரமும் தாமதமானால் சென்னைக்கே வந்து ஆபீஸில் உட்கார வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள்.

"இது இப்பிடிச் சூடாகிச் சூடாகி நின்னுச்சுன்னா நான் சென்னைக்குத்தாம்மா போகணும்" என்று அம்மாவிடம் அழுதேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த அய்யா தலை நிமிரவில்லை. கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை.

மறுநாள் அய்யா கடலுக்குப் போகவில்லை. நான் காலையில் கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், மேஜையில் லேப்டாப்பைக் காணோம்.

"எங்கம்மா வச்ச?"

"நான் எங்க வச்சேன்? அங்கன போயிப் பாரு, உங்கய்யா பண்ணி வச்சிருக்க கூத்த."

மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி. அதற்குள் உடைத்த ஐஸ். ஐஸின் மேல், இரண்டு பாலிதீன் கவர் போட்டு நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டி... என் லேப்டாப்! மேலேயும் ரெண்டு கை ஐஸ் அள்ளிப் போட்டிருந்தார். தொழிலில் மனிதர் அவ்வளவு சுத்தம்.

"அய்யா! அது என்ன சீலா மீனா, ஐஸ்ல வைக்கிறதுக்கு?"

"சூடா இருந்தா எதுவுமே கெட்டுப் போயிரும்ல தாயி..."

எடுத்துத் துடைத்துப் பட்டனை அமுக்கினேன். கர்ர்... டிக். டிக். டிக். அவ்வளவுதான், திரை இருட்டு. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அய்யா எழுந்தார். சட்டையை மாட்டினார், மீன் பையில் லேப்டாப்பைப் போட்டார், "வா, ராமநாதபுரம் போவோம்" என்றார்.

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும் வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். அப்போதுதான் மெதுவாகச் சொன்னார்.

"நீ போயிருவியோன்னு பயந்துதான் தாயி வச்சேன்."

அதற்கு மேல் எங்கே கோபப்படுவது? அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சர்வீஸ் கடைக்காரர் பாவம், திருப்புளியோடு மல்லுக்கட்டினார். உப்புக்காற்றில் ஸ்க்ரூ எல்லாம் துரு. ஒருவழியாகத் திறந்தால் ஃபேனுக்குள் மணலும் ஒரு மீன் செதிலும்.

"ஏண்ணே, இதையும் கடலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா?" என்று சிரித்தவர், உள்ளே எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஐஸ்னால ஒண்ணும் ஆகல. நல்லாக் கட்டியிருக்கீக, ஒரு சொட்டுத் தண்ணி இறங்கல. ஹார்டு டிஸ்க்தான் ரொம்ப நாளா சாகக் கெடந்துருக்கு. அதான் இம்புட்டு ஸ்லோ. அதுக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. மாத்திட்டாப் போதும்."

அப்போதுதான் அய்யாவுக்கு முகத்தில் உயிர் வந்தது. உள்ளங்கையில் அடங்கிய அந்த எஸ்.எஸ்.டி.யை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள சுத்துறது ஒண்ணுமில்லையா தம்பி?"

"இல்லண்ணே. அதான் சத்தமே வராது."

"அப்ப எஞ்சினே இல்லாம ஓடுற வள்ளம்னு சொல்லு."

மீன் ஏலத்தில் விடாப்பிடியாகப் பேரம் பேசுகிற மனிதர், அன்று கேட்டதைக் கொடுத்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் பத்து மணி. வழக்கம்போல டீ டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். பட்டனை அமுக்கினேன்.

"இன்னைக்கு நீரோட்டம் பாத்தீன்னா..." என்று ஆரம்பித்தார்.

திரை வந்துவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. அய்யா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேலையப் பாரு தாயி" என்று எழுந்து போய்விட்டார். டம்ளரில் டீ அப்படியே இருந்தது.

வேலை தப்பித்தது. சென்னைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுக்க அய்யா என் பக்கம் வரவே இல்லை. இதற்காகவா இங்கேயே இருக்க ஆசைப்பட்டேன் என்று தோன்றியது.

அடுத்த திங்கட்கிழமை நானே குரல் கொடுத்தேன். "அய்யா, இங்கன வாங்க! திரும்பவும் மெதுவாத்தான் தொறக்குது!"

"இந்தா வாரேன்" என்று வந்தார். திரை என் முன்னால் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார்.

"ஆமா... மெதுவாத்தான் வருது" என்று உட்கார்ந்தார்.

இப்போது கம்பெனியே புது லேப்டாப் கொடுத்திருக்கிறது. மூடியைத் தூக்குவதற்குள் திறந்துவிடுகிறது. முழங்கால் வலியில் அய்யாவும் கடலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். அன்றைக்குப் பதினோரு நிமிடம் எப்போது முடியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தவள் நான்.

இன்று காலையும் பத்து மணிக்கு டம்ளரோடு வந்து நின்றார். நான் பாதி வேலையை முடித்திருந்தேன். எரிகிற திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இன்னும் தொறக்கலையா தாயி?"

"இன்னும் இல்லய்யா" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.