சரிந்த தரையில் நின்ற கார்

ஸ்கேனர் என்றால்தான் அவனை எல்லோருக்கும் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்கோடு சரி. பழைய வேனில் ஒரு ஸ்கேனர் கருவியைப் போட்டுக்கொண்டு ஷெட் ஷெட்டாக அலைந்து, மெக்கானிக்குகள் கைவிரித்த வண்டிகளுக்கு என்ன கோளாறு என்று சோதித்துச் சொல்லிப் பிழைத்தவன்.

கார்களின் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வந்ததும் அவனுக்கு யோகம் அடித்தது. எதிரே இருப்பதைப் பார்த்து, ஓட்டுபவர் அசந்தால் தானாகவே பிரேக் போட வைக்கும் கேமரா அது. கண்ணாடியை மாற்றினால் அதற்கு மறுபடி நேராகப் பார்க்கச் சொல்லித்தர வேண்டும். சமதரையில் காரை நிறுத்தி, எதிரே கட்டம் போட்ட பலகையை அளந்து வைத்து, கருவியை ஓடவிட வேண்டும். அக்கம்பக்கத்தில் இதற்கு வேறு ஆள் கிடையாது. கண்ணாடிக் கடைக்காரர்கள் அவனைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

இருந்த இடம் போதவில்லை. பக்கத்தில் காலியான வாட்டர் வாஷ் ஷெட்டையும் வாடகைக்கு எடுத்தான். தண்ணீர் வடிவதற்காக அதன் தரை பின்பக்கம் லேசாகச் சரிந்திருந்தது.

"இதை உடைச்சுட்டுப் புதுசா போடணும். காயுற வரைக்கும் வண்டி ஏத்தக்கூடாது" என்றார் கொத்தனார்.

வாசலில் கார்கள் வரிசைகட்டி நின்றன. "அப்புறம் பாத்துக்கலாம்" என்றான் ஸ்கேனர். ரசமட்டத்தைப் பலகையின் மேல் வைத்துப் பார்த்தான், குமிழி நடுவில் நின்றது. கார் நின்ற தரையில் வைத்துப் பார்க்கவில்லை. தெரிந்தேதான் வைக்கவில்லை, இதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. கருவியும் எல்லாம் சரி என்று பச்சை காட்டித் தொலைத்தது.

அப்படிப் பச்சை வாங்கிப் போன கார்களில் ஒன்று, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸம்மா ஒருவருடையது. கொஞ்ச நாளில் அவர் போன் செய்தார். முன்னால் நின்ற லாரியில் இடித்துவிட்டாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கைக்குக் கை முறிந்துவிட்டதாம்.

"தம்பி, வண்டி பிரேக் போடவே இல்லையே. கண்ணாடி மாத்துறதுக்கு முன்னாடி நல்லாப் பிடிச்சுதே."

ஸ்கேனருக்கு அந்தத் தரைதான் கண்ணுக்குள் வந்தது. வாய் வேறு சொன்னது. "அதை நம்பி ஓட்டக்கூடாதும்மா." அதோடு நிறுத்தியிருக்கலாம். "நைட் டியூட்டி முடிச்சுட்டா வந்தீங்க?" என்று கேட்டான்.

நர்ஸம்மாவின் குரல் இறங்கியது. "ஆமா" என்றார்.

தப்பித்தோம் என்று மூச்சு விட்டவனுக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரமே தரையை உடைத்துச் சமமாக்கினான். ஆனால், அங்கே நின்று போன கார்களைத் திரும்ப அழைக்க மட்டும் மனசு வரவில்லை. அழைத்தால் விஷயம் வெளியே வரும், கண்ணாடிக் கடைகள் கைகழுவிவிடும், தொழில் படுத்துவிடும். குற்ற உணர்ச்சியை வைத்துக்கொண்டே அவன் தொழிலும் நடத்தினான். மனிதனால் அதுவும் முடியும்.

ஒருநாள் நர்ஸம்மாவின் கணவர் அந்தக் காரைக் கொண்டுவந்தார். இடித்த இடத்தைச் சரிசெய்திருந்தார்கள்.

"விக்கப் போறோம். எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க. தூங்கிட்டே ஓட்டிட்டேன்னு அவளே சொல்றா. இனிமே ஸ்டீயரிங்கைத் தொடவே மாட்டாளாம்."

அவர் போனதும் காரைச் சமதரையில் நிறுத்திச் சோதித்தான். முன்னால் இருப்பதை அந்தக் கேமரா உள்ளதைவிடத் தள்ளி இருப்பதாகக் கணக்குப் போட்டது. கல்லாவில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொட்டினான். சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்துவிடுங்கள் என்று அவள் சொல்வாள் என்று நப்பாசை.

அவள் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "இப்படி இன்னும் எவ்வளவு வண்டி ரோட்டுல ஓடுது?"

அவன் பில் புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"அவங்களுக்கெல்லாம் நீங்க கூப்பிடுறீங்களா, நான் கூப்பிடட்டுமா?"

அவள் போனை எடுத்தாள். அவன் கேமராவைச் சரிசெய்து, காரை நர்ஸம்மா வீட்டுக்கு ஓட்டிப் போனான்.

முன்னறையில் அவர் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். ஸ்கேனர் உட்காரவில்லை. தரை, பலகை, போனில் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னான். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்தார்.

"நான் தூங்கலை தம்பி. லாரி நிக்குறதைப் பாத்தேன், பிரேக்கை மிதிச்சேன். வழக்கமா வண்டியும் கூடச் சேந்து பிடிக்கும். அன்னைக்குப் பிடிக்கலை. இதெல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. நீங்க அப்படிக் கேட்டதுக்கு அப்புறம்தான் குழம்பிப் போச்சு."

"தப்புதாம்மா."

"என் தங்கச்சிகிட்ட நானே போய், தூங்கிட்டேன்டி, மன்னிச்சுடுன்னு அழுதேன். அதுக்கப்புறம் அவ என் முகத்தைப் பாக்கிறதே இல்ல."

"நானே வந்து அவங்ககிட்ட சொல்றேம்மா. இப்பவே போகலாம். வண்டியைச் சரிபண்ணிட்டேன், நீங்களே ஓட்டிட்டு வாங்க."

வாசலில் வந்து சாவியை நீட்டினான். அவர் அதை வாங்கவில்லை. காரைச் சுற்றிப் போய், தங்கை உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

"நீங்களே ஓட்டுங்க தம்பி" என்றார்.