கோவிந்தம்மா அக்காவின் டி.என். நம்பர்

ஆம்பூர் நெடுஞ்சாலையில் கே.ஏ. நம்பர் வண்டியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள், ராஜ மரியாதை கிடைக்கும். பெங்களூர்க்காரர்கள் பிரியாணிக்காகவே வண்டியை நிறுத்துவார்கள் என்று இங்கே கடை வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். அதனால் கடை வாசலில் விசிலோடு ஓர் ஆள் நிற்பார். தூரத்தில் கே.ஏ. தெரிந்தால் போதும், ஊதி, கையை ஆட்டி, கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூப்பிடுவார்.

அந்த மரியாதைதான் கோவிந்தம்மா அக்காவின் உயிரை வாங்கியது.

அக்கா பிறந்தது ஆம்பூருக்குப் பக்கத்தில் விண்ணமங்கலத்தில். கல்யாணமாகிப் பெங்களூர் போய், அங்கே கார்மெண்ட்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருஷம் தைத்தாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு ஊருக்கே திரும்பி வந்து, தம்பி வீட்டுக்குப் பக்கத்தில் குடியேறி, எங்கள் ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவில் சேர்ந்தாள். நான் நசீமுன்னிசா, அதே மேஜையில் பக்கத்து ஆள்.

பெங்களூரிலிருந்து அக்கா கொண்டு வந்த ஒரே சொத்து ஒரு ஸ்கூட்டர். சொந்தச் சம்பாத்தியத்தில், சொந்தப் பேரில் வாங்கியது. சிலிண்டர் புத்தகத்திலிருந்து வீட்டுப் பத்திரம் வரை எல்லாமே யாரோ ஒருவர் பேரில் இருந்த பெண்ணுக்கு அது லேசுப்பட்ட விஷயமில்லை. என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டுதான் தினமும் வேலைக்குப் போவாள். கம்பெனி பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு போன எனக்கு இது என்ன சுகம் தெரியுமா!

சிக்கல் நம்பர் பிளேட்டில் இருந்தது. ஊரில் அக்காவின் பேரே பெங்களூர்க்காரி ஆகிவிட்டது. காய்கறிக் கடை, பெட்ரோல் பங்க், எங்கே வண்டியை நிறுத்தினாலும் "எப்ப ஊருக்குக் கெளம்பறீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. இதுதான் என் ஊர் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

எல்லாருக்கும் மேல் முஸம்மில் பாய். எங்கள் வழியில் இருக்கும் பிரியாணிக் கடையில் விசில் ஊதுகிறவர். ஐம்பது வயது மனிதர், தங்கமானவர். ஆனால் நம்பர் பிளேட்டைத் தவிர எதையும் பார்க்க மாட்டார். ஹெல்மெட்டுக்குள் இருப்பது யார் என்பதெல்லாம் அவருக்குத் தேவையில்லை. எங்களைக் கண்டால் தினமும் ஒரு விசில், "வாங்க மேடம், சூடா இருக்கு!" என்று ஒரு சத்தம்.

நான் ஒரு நாள் இறங்கிப் போய், "பாய், நாங்க டெய்லி இதே ரோட்ல போறவங்க. வுட்ருங்களேன்" என்றேன். "மன்னிச்சுக்கம்மா" என்று நெஞ்சில் கை வைத்தார். மறுநாள் அதே விசில்.

அன்றைக்கு அக்கா வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுதாள். "பொறந்த ஊர்லயே என்னை விருந்தாளி ஆக்கிட்டாங்க நசீமு. இந்தக் கடை வாசப்படிய நான் மிதிக்கவே மாட்டேன். டி.என். நம்பர் வாங்காம வுடவும் மாட்டேன்."

எனக்கும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, "அழுதது போதும், லேட் ஆயிடுச்சு, வண்டிய எடு" என்று கத்தினேன்.

பெங்களூருக்கு நடையாய் நடந்து, வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆட்சேபம் இல்லை என்று அங்கே தரும் என்.ஓ.சி. வாங்கி வந்தாள். அதற்கு ஆறு மாதம்தான் ஆயுசு. இங்கேயோ ஷிப்மெண்ட், ஷிப்மெண்ட் என்று சூப்பர்வைசர் லீவே கொடுக்கவில்லை. ஒரு வழியாக நாங்கள் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது கெடு முடிய ஒரே நாள் பாக்கி. திருப்பி அனுப்பினால் மறுபடி பெங்களூரிலிருந்து தொடங்க வேண்டும்.

கவுன்ட்டரில் இருந்த அம்மா விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றார். "கலர்னு போட்ட எடத்துல இன்னாம்மா எழுதியிருக்கீங்க?"

"ஆக்ஸ்பிளட் மேடம்" என்றாள் அக்கா.

"பிளட்டா?"

அவர் எழுந்து போய் பிரேக் இன்ஸ்பெக்டரையே கூட்டி வந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் நேராக வண்டியிடம் போனார். குனிந்து மட்கார்டைத் தடவினார், சக்கரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஆக்சிடென்ட் ஆன வண்டியாம்மா? யாருக்கு அடிபட்டுச்சு?" என்றார்.

"ஐயோ சார், அது கலரு!" என்று அக்கா பதறினாள்.

ஷூவுக்குச் சாயமும் பாலிஷும் போடும் எங்கள் மேஜையில் வெறும் சிவப்பு என்று ஒன்று கிடையாது. செர்ரி உண்டு, பர்கண்டி உண்டு, கறுப்பு கலந்த சிவப்புக்கு ஆக்ஸ்பிளட். சிவப்பு என்று சொன்னால் எந்தச் சிவப்பு என்று சூப்பர்வைசர் எரிந்து விழுவார். இதை இன்ஸ்பெக்டருக்குப் புரிய வைக்க வேண்டும். அக்காவோ பயத்தில் "கலரு சார், கலரு" என்றே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் சும்மா இருப்பேனா? என் காலில் கிடந்ததும் அதே நிறம்தான். சட்டென்று கழற்றி, "இத பாருங்க சார், இந்தக் கலரு!" என்று அவர் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

வரிசையில் ஒருவர், "ஏம்மா, ஏம்மா!" என்று ஓடி வந்தார். எங்களுக்கு அது சாம்பிள். நாள் முழுக்க ஒருவர் மூக்குக்குக் கீழே ஒருவர் நீட்டிக்கொள்வதுதான். அரசாங்க அதிகாரிக்கு அது செருப்பு! அந்த வித்தியாசம் எனக்கு உறைத்தபோது கை நீட்டியபடியே நின்றுவிட்டது.

இன்ஸ்பெக்டர் ஓர் அடி பின்னால் போனார். செருப்பைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்ததே, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தது. "ரெண்டும் ஒரே கலர்தாம்மா, ஒத்துக்கறேன். அதைக் கீழ போடு."

வரிசையே சிரித்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"பழைய ஆர்.சி.ல ரெட்டுன்னுதான் இருக்கு. இங்கயும் ரெட்டுன்னே எழுதுங்க."

"ஆனா அது ரெட்டு இல்லியே சார்..." என்று அக்கா தொடங்கினாள். முழங்கைக்கு மேல் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினேன்.

"சரி சார்" என்றாள் அக்கா, பொய்ச்சாட்சி சொல்கிறவள் போல. "ரெட்டு."

வண்டியில் பொறித்திருந்த சேசிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுத்தார்கள். ஒவ்வோர் எழுத்தாக அது எழும்பி வருவதை அக்கா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். கெடு தப்பியது. நான் ஆபீஸ் வாசலிலேயே அக்காவைக் கட்டிப்பிடித்தேன்.

சில நாளில் நம்பர் வந்தது. டி.என். 83 என்று புது பிளேட் மாட்டிய அன்றைக்குச் சாயங்காலம், வேலை முடிந்து திரும்பினோம். முஸம்மில் பாய் கடை வாசலில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் வண்டியைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த வண்டியைப் பார்த்தார்.

கொஞ்ச தூரம் போன பிறகு அக்கா பிரேக் போட்டாள். "ஊதல."

"ஆமாக்கா, ஊதல."

சாலை ஓரமாகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தோம். அக்கா ஹெல்மெட்டைக் கழற்றினாள். "இன்னா பாய், எங்களுக்கு விசில் ஊதல?"

அவர் திருதிருவென்று விழித்தார். "உள்ளூர்க்காரங்களுக்கு எதுக்கும்மா ஊதணும்?"

"இன்னா சொன்னீங்க?"

"உள்ளூர்க்காரங்கன்னேன்."

"இன்னொரு தபா சொல்லுங்க பாய்."

தப்பாக ஏதோ சொல்லிவிட்டோமோ என்று என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையாட்டினேன். அவர் சொன்னார். அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். ஹெல்மெட்டை என் கையில் திணித்துவிட்டு, ஸ்டாண்டைப் போட்டு வண்டியைப் பூட்டினாள்.

"வா நசீமு" என்று சொல்லி, கடை வாசற்படியில் காலை வைத்தாள். "நம்ம ஊரு பிரியாணி எப்டி இருக்குன்னு பாக்கலாம்."